வெறும் நெத்தி

கால இங்கன வைங்க மாமா. இந்த ஸ்டூலு மேல. ஆமா, நான்தேன். வேற ஆளு இல்லை. காலிதா சிஸ்டர் அங்கிட்டு ஊசி போட்டுக்கிட்டு இருக்காக, டாக்டரு ரவுண்ட்ஸ்ல இருக்காரு. இன்னைக்கு இந்த ரூமுல கட்டுப் பிரிச்சுக் கட்டுறது இந்த முனீஸ்வரன் மட்டுந்தேன். ஒரு நர்ஸம்மா வரட்டும், நான் வெளிய இருக்கேன்னு நீங்க வாசல்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேக்கணும்னுதான சத்தமாச் சொன்னீக. பரவால்ல, உக்காருங்க. கோவம் ஒரு பக்கம் இருக்கட்டும், புண்ணு அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காதுல்ல.

என்னது இது. இதுக்குப் பேரு கட்டா. பழைய வேட்டியக் கிழிச்சா சுத்தியிருக்கீக? கருவ முள்ளு குத்துனதா. எங்கன, மொளகாக் காட்டுலயா. குத்துன அன்னைக்கே வந்திருந்தா ஒரு ஊசியோட போயிருக்கும். சுண்ணாம்பையும் மஞ்சளையும் கொழைச்சு அப்பிட்டு, தன்னால ஆறும்னு செருப்ப மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீக. சக்கரை எவ்வளவு இருக்குன்னு பாத்தீகளா? பாக்கலை. வலிக்கலைன்னு விட்டுட்டேங்குறீக. சக்கரைக்காரனுக்குக் கால்ல வலி தெரியாது மாமா, அதுதேன் அதுல உள்ள சூது. அசையாம இருங்க. துணி சதையோட ஒட்டிக் கெடக்கு, உப்புத் தண்ணி ஊத்தி ஊறவிட்டுத்தேன் எடுக்கணும். நேரமாகும். அதுவரைக்கும் நான் பேசுறேன். நீங்க பேச வேணாம், பேச வேண்டியதெல்லாம் போன வாரமே எங்கம்மாகிட்டப் பேசிட்டீகள்ல.

எங்கம்மா உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு தெரியுமா. பொட்டிக்குள்ள கெடந்த நல்ல சேலைய எடுத்துக் கட்டி, பழம் பூவெல்லாம் தாம்பாளத்துல வச்சு, எங்க சித்தப்பனையும் கூட்டிக்கிட்டு, சாயல்குடியிலருந்து பஸ்ஸு ஏறி, அந்தத் தட்ட மடியிலயே வச்சுக்கிட்டு வந்துச்சு. மொறை சரியா இருக்கு, ஜாதகம் கூடப் பாத்தாச்சு, பிள்ளைக ரெண்டும் ஆசைப்படுதுக, வீரபத்திரண்ணன் என்னத்தச் சொல்லப்போறாகன்னு நம்பி வந்துச்சு. ஒரு வாய் தண்ணி குடுத்தீகளா? பீ மூத்திரம் அள்ளுற பயலுக்கு எம் மகளக் குடுக்கவான்னீக. ஆம்பளையாப் பொறந்தவனுக்கு நர்ஸு வேலை ஒரு வேலையான்னீக. அதோடயாவது விட்டீகளா. ஊர்ப்பட்ட பொம்பளைக ஒடம்பத் தொட்ட கை, அந்தக் கையில எம் மகளப் புடிச்சுக் குடுக்க நான் என்ன கிறுக்கனான்னு கேட்டீக. எங்கம்மா அந்தத் தட்ட அப்படியே திருப்பித் தூக்கிக்கிட்டு வந்து, வீட்டுல ஒரு மூலையில வச்சுட்டு உக்காந்துருச்சு. பழமெல்லாம் அழுகிப் போச்சு, எடுத்துப் போடவும் விடலை.

இப்ப ஆவணியில பிரியாவுக்கு வேற எடத்துல நிச்சயம்னு பேசி முடிச்சுட்டீகளாம். அது சாப்பிடாமக் கெடக்குன்னு கேள்விப்பட்டேன். நான் போன் போட்டா எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கீக. சரி, உங்க மக, உங்க வீடு. ஆனா இந்த வேலையப் பத்திப் பேசுனீக பாருங்க, அத மட்டும் என்னால முழுங்க முடியலை. இந்த வேலை என்னான்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாததப் பேசக்கூடாதுல்ல. இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

கொரோனா ரெண்டாவது அலை அடிச்சப்ப நான் படிச்சு முடிச்சு சும்மா கெடந்தேன். ஆம்பளை நர்ஸுக்கு அதுவரைக்கும் எவனும் கூப்புட்டு வேலை குடுக்கலை. பொம்பளைப் பிள்ளைகளா இருந்தாப் பரவால்லன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுக் கதவச் சாத்துவாங்க. கொரோனா வரவும் தேடித் தேடிக் கூப்புட்டாங்க. ஒரு வெள்ளிக்கெழமை போன் வந்துச்சு, சனிக்கெழமை காலையில மண்டபம் ரோட்டுல ஒரு காலேஜு ஹாஸ்டல வார்டா மாத்தி வச்சிருந்த எடத்துல போயி நின்னேன். சொல்லிக் குடுக்க ஆளு இல்லை. இந்தாப்பா கிட்டு, போட்டுக்க, உள்ள போன்னாங்க. அவ்வளவுதேன் டிரெயினிங்கு.

கிட்டுன்னா தெரியும்ல. தலையிலருந்து காலு வரைக்கும் பிளாஸ்டிக்கு. சித்திரை வெயிலு, நம்மூரு வெயிலு, தகரக் கூரை. உள்ள போயி கொஞ்ச நேரத்துலயே வேர்வை ஒழுகி பூட்சுக்குள்ள தேங்கும், நடந்தா சளக்கு சளக்குன்னு கேக்கும். கண்ணாடியில ஆவி பிடிச்சுரும், தொடைக்க முடியாது. தண்ணி குடிக்க முடியாது, ஒண்ணுக்குப் போக முடியாது. சிரிக்காதீக. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுற மாதிரி நாங்க கட்டிக்கிட்டு நின்னோம். ஆம்பளையாப் பொறந்தவன்னு சொன்னீகள்ல, அந்த ஆம்பளைதேன்.

அந்தக் கோலத்துல ஆம்பளை எது பொம்பளை எதுன்னு யாருக்கும் தெரியாது. நெஞ்சுல மார்க்கர் பேனாவுல பேரு எழுதிருப்போம், மூச்சுக்குத் தவிக்கிற மனுசன் எங்கிட்டு அதப் படிக்க. தங்கச்சி, தண்ணி குடும்மாம்பாக. அம்மாடி, என்னயத் திருப்பிப் படுக்க வையி தாயிம்பாக. நான் சரிய்யான்னு வாயத் தொறந்து சொன்னதும் ஒரு கெழவர் வெலவெலத்துப் போயி, ஏலே, நீ ஆம்பளையான்னு கேட்டாரு. ஆமாய்யான்னேன். சரி, இருந்துட்டுப் போ, கைய மட்டும் விட்டுறாதன்னு புடிச்சுக்கிட்டாரு. புடிச்ச கைய விடுறதுக்குள்ள என்னய அடுத்த ஆறு பேரு கூப்புட்டுட்டாங்க.

இந்தத் தோலு செத்துப் போச்சு மாமா, இத வெட்டி எடுக்கணும். பாக்க வேணாம், அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

ஆம்பளைன்னா அங்க என்ன மரியாதை தெரியுமா. சிலிண்டர் தூக்கணுமா, பிரதரக் கூப்புடு. எங்களுக்கு அங்க பேரு பிரதர். கனமான ஆளப் பொரட்டணுமா, பிரதரக் கூப்புடு. யாராச்சும் போயிச் சேந்துட்டாகளா, பையில போட்டுக் கட்டணுமா, பிரதர் எங்கய்யா. படிச்சது என்னமோ சிஸ்டருகளும் நாங்களும் ஒரே படிப்பு. அவுகளயும் குத்தஞ் சொல்ல முடியாது, அவுக ஒடம்பும் ஒடஞ்சுதேன் போச்சு. நானும் ஜீவிதனுந்தேன் எல்லாத்தையும் தூக்குனோம். ஜீவிதன் மண்டபம் அகதி கேம்ப்புப் பையன். அவுக அப்பா அம்மா சிலோன்லருந்து போட்டுல வந்தாக, இவன் இங்கனயே பொறந்து வளந்தவன். எதக் கேட்டாலும் ஓம் அண்ணேம்பான், எதிர்த்து ஒரு சொல்லு வராது. அப்படி ஒரு கைராசிக்காரன், நரம்பே தெரியாத கையிலகூட ஒரே குத்துல ஊசி ஏத்துவான். இன்னைக்கு என்ன பண்றான்னு கேளுங்க. பெயின்ட் அடிக்கிறான். அலை ஓயவும், நீ இந்த நாட்டுக்காரன் இல்லையேப்பான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பொணத்தத் தூக்கையில எவனும் அவன்கிட்ட நீ எந்த நாடுன்னு கேக்கலை.

என்னய மட்டும் வச்சுக்கிட்டாங்களாக்கும்? என்னயும்தேன் அனுப்புனாங்க. ஆத்தக் கடக்குற வரைக்கும் அண்ணந் தம்பி, அப்பறம் நீ யாரோ நான் யாரோ. மொத அலையிலயே எங்க ஆளுகளுக்குக் கைதட்டுனாங்க, வெளக்கேத்துனாங்க, தெய்வம்னாங்க. தெய்வத்துக்கு எங்க ஊருக்குள்ள நொழைய எடமில்லை. ஊரு எல்லையில கருவ முள்ள வெட்டிப் போட்டு, முனீஸு வந்தா நோயும் சேந்து வரும், அங்கிட்டே இருந்துக்கட்டும்னுட்டாங்க. எங்கம்மா சோத்துச் சட்டியக் கொண்டாந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் வச்சுட்டுத் தள்ளி நிக்கும். நான் எடுத்துக்கிட்டுப் போவேன். பேசக்கூட மாட்டோம், பேசுனா ரெண்டு பேரும் அழுதுருவோம். பெறகு பரிட்சை எழுதி, அலைஞ்சு திரிஞ்சு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தேன். எவன் சிபாரிசும் இல்லை.

என்ன, இதெல்லாம் எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்னா. காரணமாத்தேன் சொல்றேன். அத்தை அந்த வார்டுலதான இருந்தாக.

ஆமா, வீரலட்சுமி அத்தை. எம் பொறுப்புல இருந்த வரிசையிலதேன் அவுக கட்டில். வந்த அன்னைக்கே எந்த ஊருப்பா நீன்னு கேட்டாக. ஊரச் சொன்னேன். யாரு மகன்னாக. சொன்னேன். மூச்சு வாங்கிக்கிட்டே, எங்க பெரியாத்தா மக அந்த ஊர்லதான வாக்கப்பட்டான்னு ஆரம்பிச்சு, அவ கொழுந்தன், அவன் சம்பந்தின்னு எங்கிட்டெல்லாமோ சுத்தி வந்து, அடப்பாவி, நீ எனக்கு மருமகன் மொறைடான்னாக. ஆக்சிஜன் மாஸ்க்கப் போட்டுக்கிட்டு மொறை கண்டுபிடிச்ச ஒரே ஆளு அவுகதேன். அன்னையிலருந்து என்னய மருமகனேன்னுதேன் கூப்புட்டாக. மருமகனே, இந்த இட்டிலி கல்லு மாதிரி இருக்கு, உங்க ஆஸ்பத்திரில உளுந்தே போட மாட்டாகளான்னு கேப்பாக. எனக்கு அந்த வார்டுல சிரிப்பு வந்ததுன்னா அவுக கிட்ட மட்டுந்தேன்.

பிரியா தெனமும் காலையில போன் பண்ணும். செல்போன பிளாஸ்டிக் கவருல போட்டு அவுக மொகத்துக்கு நேரா நான் புடிச்சுக்கிட்டு நிப்பேன். மகளும் தாயும் பேசுறது எல்லாம் எங் காதுல விழும், எங்கிட்டுப் போறது. காட்டுல தண்ணி பாச்சியாச்சா, அப்பா மாத்திரை போட்டாகளா, அவுகளுக்குப் புளி கூடப் போட்டுக் கொழம்பு வைக்காத. சாகக் கெடந்த மனுசி உங்க கொழம்பப் பத்தித்தேன் பேசுனாக. அவுக போன பெறகு பிரியா எனக்குப் போன் போட்டுச்சு. அம்மா கடைசியா என்ன சாப்பிட்டாக, வலிச்சுச்சா, யாரு பக்கத்துல இருந்தாகன்னு கேட்டுச்சு. திரும்பத் திரும்ப அதையேதேன் கேட்டுச்சு, நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்களுக்குள்ள பேச்சு வந்தது அப்படித்தேன் மாமா. சினிமா பாத்து வந்ததில்லை.

நீங்க எங்க இருந்தீகன்னு நான் கேக்கவா. கேட்டுக்கு வெளிய இருந்தீக. தெனமும் வந்தீக, இல்லைங்கலை. டாக்டரக் கூப்புடு, பெரிய டாக்டரக் கூப்புடுன்னு வாட்ச்மேன்கிட்டச் சத்தம் போட்டீக. கிட்டு தாரோம், ஒரு தடவ உள்ள வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்கன்னு அப்ப அந்த வார்டுல இருந்த இதே காலிதா சிஸ்டர்தேன் சொன்னாக. நீங்க வரலை. பயந்துட்டீக. அதுல தப்பில்லை, அன்னைக்கு எல்லாருந்தேன் பயந்தாக. நானும் பயந்தேன், பயந்துக்கிட்டேதேன் தொட்டேன். வித்தியாசம் அவ்வளவுதேன்.

அத்தைய உங்க ஊரு மயானத்துக்கும் நாங்கதேன் கொண்டாந்தோம். ஆளு வரலைன்னு என்னயவும் ஜீவிதனையும் வண்டியில ஏத்திவிட்டாங்க. ஜேசிபி தோண்டுன குழி. நீங்க அங்கிட்டு வேப்ப மரத்தடியில நின்னீக, கூட நாலஞ்சு பேரு. பையோட மேப்பக்கத்தக் கொஞ்சம் தொறந்து மொகத்த மட்டும் காட்டச் சொன்னாங்க. காட்டுனோம். நீங்க ரெண்டு எட்டு முன்னால வந்தீக, அங்கனயே நின்னீக, அப்படியே மண்ணுல உக்காந்து கும்பிட்டீக. முழு மனுசன் அப்படி அழுது நான் பாத்ததில்லை. கயித்தப் புடிச்சு எறக்குனதும் நாங்கதேன், முதப் பிடி மண்ணப் போட்டதும் நாந்தேன். அது உங்களுக்குத் தெரியாது, கிட்டுக்குள்ள யாரு இருந்தான்னு யாருக்குத் தெரியும்.

அப்பறம் ஊருக்குள்ள பேச்சு வந்துச்சே, எங் காதுக்கும் வந்துச்சு. வீரலட்சுமி நெத்தியில பொட்டு இருந்துச்சாம்ல. செக்கச் செவேல்னு, அப்பத்தேன் வச்ச மாதிரி இருந்துச்சாம்ல. குங்குமம் உள்ளயே விடாத ஆஸ்பத்திரில, சாமி சன்னதியில நிக்கிறவ மாதிரி போனா, அம்மனே வந்து வச்சுவிட்டுட்டுப் போனான்னு நீங்கதேன் சொன்னீக. மொளகாக் காட்டு ஓரத்துல பீடம் கட்டுனீக. பொட்டம்மன் கோயில்னு போர்டு வச்சாச்சு. வெள்ளிக்கெழமை பொம்பளைக வந்து குங்குமம் வாங்கிட்டுப் போறாக, கல்யாணம் ஆன புதுப் பொண்ணுகள மொத அங்கதேன் கூட்டிட்டு வாராகளாம். எங்கம்மாவும் போன வாரம் உங்க வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடி அங்கதேன் போயிக் கும்பிட்டுட்டு வந்துச்சு. என்னயவும் நெத்தியில வச்சுக்கன்னுச்சு. நானும் வச்சுக்கிட்டேன்.

அழுக்கெல்லாம் வந்துருச்சு. அடியில நல்ல ரத்தம் ஓடுது, காலத் தப்பிக்க வச்சுறலாம். இப்ப மருந்து வைக்கணும். கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், எரியாது. இதுக்குப் பேரு பெட்டாடின். புண்ணு சீப்பிடிக்காம இருக்க. இந்தக் கலரப் பாருங்க மாமா. பஞ்சுல தொட்டு ஒரு தடவ வச்சா வெளுத்த காவியாத் தெரியும். காய விட்டு அதுக்கு மேலயே ரெண்டு மூணு தடவ வச்சா அரக்குச் செவப்பாயிரும். தள்ளி நின்னு பாக்குறவுகளுக்குக் குங்குமமாத்தேன் தெரியும்.

அத்தை அன்னைக்குக் காலையில மாஸ்க்க வெலக்கிக்கிட்டு என்னயக் கூப்புட்டாக. மருமகனே, நான் பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியுது. என்னய வெறும் நெத்தியோட அவுகளுக்குக் காட்டிறாதன்னாக. அந்த மனுசன் வெளியத்தேன் சத்தம் போடுவாக, உள்ளுக்குள்ள ஒண்ணுமில்லை, தாங்க மாட்டாகன்னாக. பிரியா கோயில்லருந்து வாங்கியாந்த குங்குமப் பொட்டலத்த வாசல் கேட்டுலயே நிறுத்தி வச்சுட்டாங்க. மத்தியானம் சோறு வந்த நேரத்துல மூச்சு நின்னு போச்சு. ஜீவிதன் பைய விரிச்சுக்கிட்டு நின்னான், கொஞ்சம் பொறுடான்னேன். மொகத்தத் தொடச்சுவிட்டு, முடிய ஒதுக்கிவிட்டு, டிராலியில இதுதேன் இருந்துச்சு, இத எடுத்து வச்சேன். காயக் காய ஊதி ஊதி வைக்கணும், ஊத முடியாது, மூஞ்சில மாஸ்க்கு. அட்டைய வச்சு விசிறி விசிறி வச்சேன்.

கால இழுக்காதீக. இருங்க, பதறாதீக. கோயில இடிங்கன்னு சொல்ல வரலை. அம்மன் வச்சதுன்னே இருந்துட்டுப் போகட்டும், எனக்கு அதுல ஒரு கொறையும் இல்லை. ஊருக்குச் சொல்ல மாட்டேன், பிரியாவுக்கே இன்னும் சொன்னதில்லை. ஆவணியில நீங்க எவனுக்கு வேணும்னாலும் பிரியாவக் குடுங்க, அப்பயும் சொல்ல மாட்டேன். ஆனா பொம்பளைக ஒடம்பத் தொட்ட கைன்னு எங்கம்மா மொகத்துக்கு நேரா இன்னொரு தடவ சொல்லிறாதீக. தொட்டது நெசந்தேன் மாமா. நீங்க மரத்தடியில நின்ன அன்னைக்கு உங்க பொண்டாட்டி நெத்தியத் தொட்டது இந்தக் கைதேன். சரி, கண்ணத் தொடைங்க. கால நீட்டுங்க, துணி சுத்தணும்.